பொய்த் தடம்

இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. மஞ்சள் பைக்குள் இடது கையை விட்டு ஒரு பிடி மைதாவை அள்ளி, நடையை நிறுத்தாமலே பாதையோரம் விசிறினார் சென்னியப்பன். பாதி மாவு ஒரு கல்லின் மேலும் பாதி காய்ந்த புல்லின் மேலும் விழுந்தது. அது போதும். ரொம்பப் பளிச்சென்று தெரிந்துவிட்டால் ஓடி வருகிறவர்களுக்கு என்ன வேலை? தேடட்டும், கொஞ்சம் வையட்டும், அப்புறம் கண்டுபிடித்துவிட்டுக் கத்தட்டும். மணி இரண்டரை இருக்கும். மாசி வெயில், மலையடிவாரத்தில் இருக்கிறோம் என்ற தாட்சண்யமே இல்லாமல் பிடரியில் இறங்கியது. நான்கு மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் இருபத்தாறு பேர் கூடுவார்கள். கோயம்புத்தூரிலிருந்து காரிலும் பைக்கிலும் வருகிற கூட்டம். பேங்க்காரர், பல் டாக்டர், ஜவுளிக்கடைக்காரர், காலேஜ் வாத்தியாரம்மா என்று கலந்துகட்டி. மாதத்தில் இரண்டு ஞாயிறு இந்தக் கூத்து. ஒருவர் முயல். முயல் முன்னாலேயே கிளம்பி, காடு மேடு பள்ளம் பார்த்து மாவு தூவித் தடம் போட்டுக்கொண்டு போவார். மற்றவர்கள் அந்த மாவைத் தேடிக்கொண்டு பின்னால் ஓடி வருவார்கள். ஜெயித்தவர் தோற்றவர் கிடையாது, முடிவில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சுண்டல் தின்றுவிட்டு முயலைத் திட்டுவார்கள், அவ்வளவுதான். பதினோரு வருஷத்தில் சென்னியப்பன் முப்பத்தேழு முறை முயலாக இருந்திருக்கிறார், அவரளவுக்குத் திட்டு வாங்கினவர் யாருமில்லை. அந்தத் திட்டுத்தான் அவருக்குப் பென்ஷனைவிடப் பெரிய வரும்படி. இன்றைக்கு முப்பத்தெட்டாவது. இன்றைக்கு மட்டும் தனக்குத் தானே ஒரு பந்தயம் கட்டியிருந்தார். இந்தத் தடத்தை ஒரு பிசகில்லாமல் போட்டு முடித்துவிட்டால், அந்த டாக்டரம்மா சொன்னதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. மனைவி சுலோச்சனாவிடம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. பிசகிவிட்டால் சொல்லியாக வேண்டும். இருபத்தொன்பது, முப்பது. ஒரு பிடி.

டாக்டரம்மா சின்னப் பெண். மகள் வயதுகூட இருக்காது. ஐந்து வார்த்தை சொல்றேன், மனசுல வெச்சுக்குங்க, அப்புறம் கேப்பேன் என்றாள். சாவி, ரயில், கம்பளி, வாழைப்பழம், இன்னும் ஒன்று. அந்த இன்னும் ஒன்று அங்கேயும் வரவில்லை, வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்தும் வரவில்லை, மூன்று மாதமாகியும் வரவில்லை. இதெல்லாம் ஒரு பரீட்சையா? வாழைப்பழத்தையும் ரயிலையும் சேர்த்து யார் நினைப்பார்கள்? இருபத்து மூன்று நாற்பத்தெட்டு, பஞ்சு கமிஷன் நாச்சிமுத்துக் கவுண்டர் வீடு. இருபத்தாறு எழுபத்தொன்று, ரைஸ் மில் ராமலிங்கம். முப்பத்தொன்று பூஜ்யம் ஒன்பது, கம்பவுண்டர் தேவசகாயம், அந்த வீட்டு லைனில் மழை பெய்தால் வேறு இரண்டு பேர் பேசுவது கேட்கும். தொலைபேசி இலாகாவில் லைன் இன்ஸ்பெக்டராக முப்பத்து நான்கு வருஷம் குப்பை கொட்டியவருக்கு, எண்கள் நான்கு இலக்கமாக இருந்த காலத்து டைரக்டரி முழுக்க இன்றைக்கும் தலைக்குள் வரிசையாக இருக்கிறது. அதை ஏன் அந்தப் பெண் கேட்கவில்லை? கேட்டிருந்தால் அவள் நாற்காலியை விட்டு எழுந்து கும்பிட்டிருப்பாள். அதற்குப் பதிலாகக் கடிகாரம் வரையச் சொன்னாள். வட்டம் போட்டார். எண்களைப் போட்டார். பதினொன்று பத்துக்கு முள்ளை வையுங்க என்றாள். வைத்தார். அவள் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டாள். சரியாகத்தானே வைத்தேன்? இன்று வரைக்கும் அவருக்குத் தெரியாது. ஆரம்பக் கட்டம்தான், மெதுவாத்தான் போகும், அடுத்த தடவை வீட்ல யாரையாவது கூட்டிட்டு வாங்க என்று அவள் சொன்னபோது சரிங்கம்மா என்றார். வீட்டில், பென்ஷன் ஆபீசுக்குப் போய் உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார். அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை. எத்தனை தப்படி ஆயிற்று? பதினெட்டா, இருபத்தெட்டா? திரும்பிப் பார்த்தார். கடைசிப் பிடி மாவு பக்கத்தில்தான் வெள்ளையாகக் கிடந்தது. சரி, பேசாமல் எண்ணிக்கொண்டு நட. எண்ணுகிறவரைக்கும் ஒன்றும் ஆகாது.

குட்டைக் கரை வந்தது, முதல் வட்டம். பாதை பிரிகிற இடத்தில் தரையில் மாவால் பெரிய வட்டம் போட்டால், இதற்கு மேல் எந்தப் பக்கம் என்று நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். பிரிகிற பாதைகளில் ஒன்றுதான் மெய். மற்றதில் நூற்றைம்பது இருநூறு தப்படி வரைக்கும் ஏமாற்றுவதற்கென்றே மாவு போட்டு, அப்புறம் குறுக்கே மூன்று கோடு இழுத்துவிட வேண்டும். மூன்று கோட்டைப் பார்த்தால் இது பொய்த் தடம், திரும்பு. புதிதாக வருகிறவர்கள் இது என்ன அக்கிரமம் என்பார்கள். அக்கிரமம் இல்லை, தாயே. மான் மாதிரி ஓடுகிற கணேஷ்ராமும் முழங்கால் தேய்ந்த பீட்டரும் ஒரே கூட்டத்தில் ஓட வேண்டுமென்றால் வேறு வழி என்ன? வேகமாக ஓடுகிறவன் பொய்த் தடத்தில் போய் முட்டிக்கொண்டு திரும்பி வருவதற்குள் மெதுவாக வருகிறவர் வட்டத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார். கெட்டிக்கார முயல் யாரையும் தனியாக விடாது. இதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, இரண்டாம் வருஷம் அவரே கண்டுபிடித்தது, அதில் அவருக்குக் கர்வம் உண்டு. பீட்டர் அருளப்பன் பேக்கரி வைத்திருக்கிறவர், எப்போதும் கடைசி ஆள். அண்ணா, நீங்க தடம் போட்டா மட்டுந்தானுங்க நா எல்லாரோடயும் சேர்ந்து வந்து நிக்கறேன் என்று ஒரு முறை சொன்னார். சொல்லிவிட்டு ஒரு பன்னைப் பிய்த்துப் பாதியைக் கொடுத்தார். அப்படிப்பட்ட மனுஷனிடம் போய் என்னவென்று சொல்வது? வேதமூர்த்தி சாருக்கு நடந்ததுதான் நடக்கும். நெஞ்சு ஆபரேஷன் முடிந்து வந்த வேதமூர்த்தியை எல்லாரும் எவ்வளவு பிரியமாகத் தாங்கினார்கள். சார் நீங்க நிழல்ல உக்காருங்க, பையெல்லாம் பாத்துக்குங்க. நாலு ஞாயிறு பைகளுக்குக் காவல் உட்கார்ந்தார். எல்லாரும் ஓடிப்போன பிறகு மைதானத்தில் அவரும் இருபது பைகளும் மட்டும். ஐந்தாவது ஞாயிறு அவர் வரவில்லை, ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை. நானும்தான் கேட்கவில்லை. போன் பண்ணியிருக்கலாம். முயல் வேஷம் போட்டுக்கொண்டு, யாரையும் தனியாக விடமாட்டேன் என்று மார்தட்டிக்கொள்கிறவன் ஒரு போன் பண்ணியிருக்கலாம். வட்டத்தைப் போட்டு முடித்து, ஆடு போகிற தடத்தில் பொய்யும் கரை வழியே மெய்யுமாகப் போட்டுவிட்டு நடந்தார். பிசகில்லை. பார்த்தாயா, டாக்டரம்மா.

பாக்குத் தோப்புக்குள் நுழைந்ததும் வெயில் விட்டது. உள்ளே ஈரமும் சாண வாசமும். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி வரிசை. முந்தாநாள் வியாழக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போன தோப்புத்தான். முந்தாநாள் வெள்ளியல்லவா? ஞாயிறு, சனி, வெள்ளி. அப்படியானால் வியாழன் முந்தாநாளுக்கு முந்தின நாள். இதையெல்லாம் பெரிதுபண்ணக் கூடாது, ஓய்வு பெற்ற எவனுக்குக் கிழமை தெரிகிறது? சுலோச்சனாவுக்கே தெரிவதில்லை, சீரியல் வராவிட்டால்தான் ஞாயிறு என்பாள். ஆனால் அவள் கவனிக்கிறாள். அதுதான் பயம். தை மாதம் ஒரு சாயங்காலம் வீட்டு கேட்டின் முன்னால் சாவிக்கொத்தை வைத்துக்கொண்டு நின்றார், ஆறு சாவியில் எது என்று தெரியாமல் இல்லை, சாவியை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல். ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ. அவள் உள்ளேயிருந்து வந்து திறந்தாள். ஏனுங்க, யாருக்காவது காத்துட்டிருக்கறீங்களா என்று கேட்டாள். ஆமா, பேப்பர்காரன் வர்றானான்னு பாத்தேன் என்றார். சாயங்காலம் ஆறு மணிக்குப் பேப்பர்காரன். அவள் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, காப்பி ஆறிப்போகுது வாங்க என்று போய்விட்டாள். எத்தனை சாமர்த்தியமாகப் பொய் வந்தது. யோசிக்கவே இல்லை. மறதி வருகிற வேகத்தைவிட அதை மூடுகிற பொய் வேகமாக வருகிறது. தோப்பு முடிந்து கருவேலங்காடு. முட்செடிகளுக்கு நடுவே செம்மண் வெளியாகத் திறக்கிற இடத்தில் மூன்று பாதை. இரண்டாவது வட்டம் இங்கேதான். வட்டத்தை நிதானமாக, அழகாகப் போட்டார். இந்த இடத்தில் கவனம் வேண்டும். இதற்கு அப்பால் செங்கல் சூளைக்கு மண் எடுத்துவிட்டுப் போன குழிகள் இருக்கின்றன. வேலியில்லை, அறிவிப்புப் பலகையில்லை. பத்து ஆள் ஆழம், அடியில் பச்சைத் தண்ணீர். மாவைப் பார்த்து ஓடுகிறவர்கள் தரையையே பார்த்து ஓடுவார்கள், விளிம்பு வருவது தெரியாது. அதனால்தான் வியாழக்கிழமை முழுசும் நடந்து பார்த்து, குழிகளுக்குக் கிட்டவே போகாத ஒரு வழியை எடுத்து வைத்திருந்தார். ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். அந்த ஐந்தாவது வார்த்தை. சாவி, ரயில், கம்பளி. வீட்டில் இருக்கிற சாமானா, வெளியில் இருக்கிறதா? வெளியில் இருக்கிற மாதிரித்தான் தோன்றியது. ஒரு எறும்பு அவர் செருப்பின் மேல் மாவுத் துணுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனது. எறும்பு வந்துவிட்டால் அரை மணியில் பொட்டு மங்கிவிடும். முப்பத்தொன்று பூஜ்யம் ஒன்பது. தேவசகாயத்தின் மகள் கல்யாணத்துக்கு வரச்சொன்னார்களே, போனோமா?

எழுந்தபோது கால் மரத்திருந்தது. வெயில் சாய்ந்திருந்தது, நினைத்ததைவிட அதிகமாகவே சாய்ந்திருந்தது. பையை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தால், நேர் எதிர்ப் பாதையில், ஒரு பிடி மாவு. அதற்கு அப்பால் இன்னொன்று. முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. யாரடா அவன், நான் தடம் போடுகிற காட்டில்? கணேஷ்ராம். வேறு யாராக இருக்கும்? போன வாரமே, சார் நீங்க தனியா எதுக்குக் கஷ்டப்படறீங்க, நானும் வர்றேன், வாட்ச்லயே மேப் இருக்கு என்று குழைந்தான். வேண்டாம் தம்பி, முப்பத்தேழு தடவை மேப்பா பார்த்தேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். சொல்லாமல் கொள்ளாமல் வந்து உதவி செய்கிறானாக்கும். கிழவனுக்கு உதவி. வேகமாக நடந்தார். முப்பது தப்படிக்கு ஒன்று, பரவாயில்லையே, அளவு தெரிந்து வைத்திருக்கிறான். ஒன்று கல்லின் மேல் பாதி, புல்லின் மேல் பாதி. ஒன்று செடிக்குப் பின்னால், தாண்டிப் போனால்தான் தெரிகிற மாதிரி. பயல் நன்றாகத்தான் கற்றுக்கொண்டிருக்கிறான். நான்காவது பிடி, ஐந்தாவது பிடி. கோபம் போய் ஒரு மெச்சுதல்கூட வந்தது. ஆறாவதுக்கு அப்பால் பாதையின் குறுக்கே மூன்று கோடு. கோட்டுக்குக் கீழே மாவைப் பரப்பி விரலால் எழுதியிருந்தது. பொய்த் தடத்தின் முடிவில் ஏமாந்து வருகிறவர்களைக் கேலி பண்ணி ஒரு வரி எழுதிவைப்பது முயலின் வழக்கம். கணேஷ்ராம் சிரிக்கிற மூஞ்சி மட்டும் வரைவான், எழுத மாட்டான். குனிந்து படித்தார். 'ஆளு கெட்டிக்காரர்தான். வழிதான் தப்பு. திரும்புங்க ராசா.' படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல வரி. உண்மையிலேயே நல்ல வரி. சிரித்து முடிப்பதற்குள் அந்த ராசாவின் சகரத்தைப் பார்த்தார், வாலைக் கீழே இழுத்து ஒரு சுழி. கம்பத்து எண்களை நோட்டில் எழுதி எழுதி வந்த சுழி. மாவு எல்லாமே பாதையின் இடது ஓரம் விழுந்திருந்ததும் அப்போதுதான் பட்டது. தொண்ணூற்று நான்கில் கம்பத்திலிருந்து விழுந்து வலது தோள் போன பிறகு, இந்தக் கூட்டத்தில் இடது கையால் மாவு போடுகிற ஆள் ஒருவர்தான். இடது கை ஆள்காட்டி விரலைத் தூக்கிப் பார்த்தார். நகக்கண்ணில் செம்மண்ணும் மாவும் சேர்ந்து அடைந்திருந்தது.

எப்போது எழுதினேன்? வட்டம் போட்டேன். உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன். வட்டம் போட்டதற்கும் உட்கார்ந்ததற்கும் நடுவே இருநூறு தப்படி நடை இருந்திருக்கிறது, போக ஒரு தடவை வர ஒரு தடவை. குனிந்து, கோடு இழுத்து, யோசித்து, சிரிப்பு வருகிற மாதிரி ஒரு வரி எழுதியிருக்கிறேன். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்திருக்கும். அந்த ஆள் எங்கே போனான்? பயம் வந்தது. பதினோரு வருஷமாக எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறார், தன் மாவின் பின்னால் தானே போய் மூன்று கோட்டில் முட்டிக்கொண்ட முயல் எங்காவது உண்டா? திரும்பி வட்டத்துக்கு வந்தார். சரி, நேர்ப் பாதை பொய். அது பொய் என்றால் மெய் இடது பக்கம் அல்லது வலது பக்கம். இதில் என்ன குழப்பம். வியாழக்கிழமை நடந்தாயே, யோசி. நடந்தேன். ஓடை மணல் காலில் ஏறியது, அது இடது பக்கம். இல்லை, அது போன வருஷம் மழைக்கு அப்புறம் போட்ட தடத்தில். தோட்டத்துக் கம்பிவேலியில் சட்டை மாட்டிக் கிழிந்தது, அது வலது பக்கம். அந்தச் சட்டையைச் சுலோச்சனா தைத்துக்கொடுத்தாள், அப்படியானால் அதுதான் வியாழக்கிழமை. தைத்தது எந்தச் சட்டை? கோடு போட்டதா? இரண்டு பாதைகளில் ஒன்று சுற்றிக்கொண்டு குழிகளின் பின்பக்கத்துக்குப் போகிறது, கரை சரிந்து கிடக்கிற பக்கம். அது மட்டும் நன்றாக நினைவிருந்தது. எது என்பதுதான் இல்லை. வலதுதான். வலதேதான். உறுதி வந்ததும் கால் தானாக நடந்தது, ஒரு பிடி, முப்பது தப்படி, இன்னொரு பிடி, மூன்றாவது பிடி. நின்றார். இந்த உறுதியோடுதானே கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கணேஷ்ராமைத் திட்டிக்கொண்டு போனேன்? இப்போது என் உறுதிக்கு என்ன விலை? இருபத்தாறு பேர் இந்த மாவை நம்பி ஓடி வருவார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். சென்னியப்பன் சார் போட்டது, ஏமாற்றுவார், ஆனால் கைவிடமாட்டார். திரும்பி வந்து மூன்று பிடியையும் செருப்பால் தேய்த்து மண்ணோடு கலந்தார். பாதி போனது, பாதி வெளிறிய கறையாக நின்றது. போனை எடுத்துக் குழுவின் தலைவி நளினி மேடத்துக்கு அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தது. மணி நாலு எட்டு. ஓடக் கிளம்பும் முன்னால் எல்லாரும் போனைப் பையில் வைத்துவிட வேண்டும் என்பது குழுவின் விதி, அந்த விதியைக் கொண்டுவந்தவரும் சென்னியப்பன்தான். எதிரே ஓடிப்போய் மறிக்கலாம். மறிக்கலாம்தான், ஆனால் போகிற வழியில் குட்டைக் கரையில் எது பொய் எது மெய் என்று இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை. அவர்கள் ஒரு பக்கம் வர, தான் ஒரு பக்கம் போய்விட்டால்? இங்கேயே நிற்க வேண்டும். வட்டத்தின் நடுவில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும், கேட்காமலே, ஒரு பொய் வந்து நின்றது. கால் சுளுக்கு. பள்ளத்தில் கால் மடங்கிவிட்டது, அதனால் தடம் பாதியில் நின்றது. எவ்வளவு சுத்தமான பொய். யாருக்கும் ஆபத்தில்லை, யாரும் எதையும் கேட்கமாட்டார்கள், பந்தயம்கூடத் தோற்ற கணக்கில் சேராது. வலது காலா, இடது காலா? வலது. செருப்பைக் கழற்றி வைத்துக்கொண்டார். கணுக்காலை ஒரு தடவை தேய்த்தும் விட்டுக்கொண்டார்.

சத்தம்தான் முதலில் வந்தது, தோப்புக்குள் விசில், யாரோ கண்டுபிடித்த சந்தோஷக் கூச்சல். கணேஷ்ராம் முதலில் வந்தான். முயல் வட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை; முயலைத் தடத்திலேயே பிடித்தவர் குழுவின் வரலாற்றில் இல்லை. ஒவ்வொருவராக வந்து சூழ்ந்தார்கள், மூச்சிரைத்தார்கள், சிரித்தார்கள். கால் சுளுக்கிக்கொண்டதாகச் சொன்னார். அச்சச்சோ என்றாள் பல் டாக்டர். நளினி மேடம் குனிந்து காலைப் பார்த்துவிட்டு, "பரவால்லீங்க சார், நீங்க உக்காருங்க. வழி மட்டும் எதுன்னு சொல்லுங்க, நாங்க போயிக்கறோம்" என்றார். இந்தக் கேள்வியை அவர் யோசித்து வைக்கவில்லை. கால் போன மனுஷனுக்கு வழியுமா போய்விடும்? வாயைத் திறந்தார். "வழி எனக்குத் தெரியலைங்க" என்றார். அப்புறம் மொத்தக் கூட்டமும் வெடித்துச் சிரித்தது. இது முப்பத்தெட்டாவது தந்திரம். முயலே வட்டத்தில் உட்கார்ந்து வழி தெரியாது என்கிறது. கால் சுளுக்கு வேறு, நடிப்பைப் பார், செருப்பைக்கூடக் கழற்றி வைத்திருக்கிறார். இதற்குள் கணேஷ்ராம் வலது பக்கம் குனிந்து பார்த்துவிட்டான். மாவு இருக்கு, தேய்ச்சு மறைச்சிருக்காரு, இதான் வழி என்று கத்தினான். ஏழெட்டுப் பேர் அவன் பின்னால் பாய்ந்தார்கள், இரண்டு பேர் இடது பாதையில் தேடிக்கொண்டு போனார்கள். சென்னியப்பன் எழுந்தார். சுளுக்கிய காலோடு ஓடினார், எல்லாருக்கும் முன்னால் போய், இரண்டு கையையும் விரித்துப் பாதையை மறித்து நின்றார். இதையும் விளையாட்டென்று நினைத்து ஒருத்தன் அவர் கைக்குக் கீழே புகுந்து போகப் பார்த்தான். அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "எனக்கு மறதி வியாதிங்க" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "நெசமாத்தான் சொல்றேன். ஆஸ்பத்திரில பாத்துச் சொல்லிட்டாங்க. அந்தப் பக்கம் மண்ணெடுத்த குழி இருக்குது. எந்த வழில இருக்குதுன்னு எனக்கு நெனப்பில்லை. யாரும் போயிராதீங்க." சட்டையை விடவில்லை. சிரிப்பு ஒரே சமயத்தில் நிற்கவில்லை, ஒவ்வொருவராக நின்றது. பின்னால் இருந்தவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், முன்னால் இருந்தவர்களின் முதுகைப் பார்த்து அவர்களும் நிறுத்தினார்கள். கணேஷ்ராம் இரண்டு தப்படி பின்னால் வைத்தான். அப்போதுதான் பீட்டர் தோப்பிலிருந்து நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். என்ன ஆச்சு என்று யாரையும் கேட்கவில்லை. சென்னியப்பனின் முகத்தைப் பார்த்தார், கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து நீளமாக மூன்று தடவை ஊதி, இடது பாதையில் போயிருந்த இரண்டு பேரையும் திரும்ப வரவைத்தார்.

வந்த வழியே திரும்பினார்கள். யாரும் ஓடவில்லை. அதே மாவைப் பார்த்துக்கொண்டு, எறும்பு மொய்த்துப் பாதி கரைந்த பொட்டுகளைத் தாண்டித் தாண்டி, இருபத்தேழு பேரும் ஒரே வரிசையாக நடந்தார்கள். கணேஷ்ராம் மஞ்சள் பையை வாங்கிக்கொண்டான், அதை எந்தக் கையில் பிடிப்பது என்று தெரியாதவன் மாதிரி மாற்றி மாற்றிப் பிடித்தான். பாவம், சின்னப் பையன், அவனைக் கண்டபடி திட்டினேன் மனசுக்குள். நளினி மேடம் அவர் முகத்தைப் பார்க்காமல் முன்னால் போய்விட்டார். இனி என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியும். பிரியமாக இருப்பார்கள். நிழலைக் காட்டுவார்கள். அது வரும்போது வரட்டும். இப்போது வெட்கம்கூட அவ்வளவு இல்லை, உடம்பு முழுக்க ஒரு அசதி, ஜுரம் விட்ட மாதிரி. பீட்டர் பக்கத்தில் நடந்து வந்தார். இரண்டு பேருக்கும் நடை ஒன்றாக இருந்தது. வெகுநேரம் கழித்து, "அக்காவுக்குத் தெரியுங்களாண்ணா?" என்று கேட்டார். சென்னியப்பன் தெரியாது என்று தலையாட்டினார். "நா வேணா கூட வரட்டுங்களா?" என்றார் பீட்டர். வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அந்த நேரத்தில் சென்னியப்பனுக்கு வீடு தெரிந்தது. சுலோச்சனா குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். எப்படிப் போச்சுங்க இன்னைக்கு என்று நிமிராமல் கேட்பாள். அதற்குச் சொல்ல வேண்டியது இப்போதே முழுசாகத் தயாராக இருந்தது. ஒரு பய தப்பலை, மொத்தக் கூட்டத்தையும் பாதி வழியிலேயே திருப்பி அனுப்பிட்டேன், இப்படி ஒரு தடம் இதுவரைக்கும் யாரும் போட்டதில்லை. ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அவள் சிரிப்பாள், ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு காப்பி போட எழுந்திருப்பாள். அவள் சிரிப்பு அவருக்கு அவ்வளவு பிடிக்கும். அதை இன்னும் ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டு நாளைக்குச் சொன்னால் என்ன? நாளைக்கு. அவர் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். பீட்டரும் நின்றார். "வா பீட்டரு" என்றார் சென்னியப்பன். "வாசலோட போயிராத. உள்ள வந்து உக்காரு. நா அவகிட்டச் சொல்லி முடிக்கற வரைக்கும் எந்திரிக்காத. நா பேச்சை வேற பக்கமாக் கூட்டிட்டுப் போவேன். நல்லாவே போவேன். நீ எம்பின்னால வந்துராத."

பீட்டர் சரிங்கண்ணா என்றார். இரண்டு பேரும் நடந்தார்கள்.